மருந்தும் வேண்டும், சோறும் வேண்டும்

 

இன்று குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய் பற்றிப் பேசப் போகிறேன். பெயரைக் கேட்டதும் சிலர் முகம் மாறுகிறது. பயப்பட வேண்டாம். நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். உங்களோடு உட்கார்ந்து எழுத்துச் சொல்லித் தருகிறவள். ஆனால் நம் தாராவியிலிருந்து டாட்டா ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குத் துணையாகப் பல தடவை போயிருக்கிறேன். சீட்டு எழுத வேண்டும். இந்தியில் பேச வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். அதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அங்கே டாக்டரும் நர்சும் சொல்லக் கேட்டதையும், புத்தகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நம் உடம்பில் ரத்தம் எங்கே உண்டாகிறது?

நெஞ்சில் என்று சொல்வீர்கள். இல்லை. எலும்புக்குள்ளே உண்டாகிறது. நல்லி எலும்பை உறிஞ்சும்போது உள்ளேயிருந்து வழுவழுவென்று வருமே, அதற்கு மஜ்ஜை என்று பெயர். நம் எலும்புக்குள்ளும் மஜ்ஜை இருக்கிறது. அதுதான் ரத்தம் செய்யும் பட்டறை. அந்தப் பட்டறைக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. ஒரு நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பு அணுக்களை அது செய்கிறது.

ரத்தத்தில் மூன்று வகை அணுக்கள் உண்டு. சிவப்பு அணு, மூச்சுக் காற்றைச் சுமந்து செல்லும். வெள்ளை அணு, நோய்க் கிருமியோடு சண்டை போடும். மூன்றாவது தட்டணு. ஆஸ்பத்திரியில் 'பிளேட்லெட்' என்பார்கள். காயம் பட்டால் ரத்தத்தை உறைய வைப்பது அதுதான்.

ரத்த சோகை நமக்குத் தெரியும். சிவப்பு அணு குறைந்துவிடும். முகம் வெளுக்கும், மூச்சு வாங்கும். பட்டறைக்குச் சரக்குப் போதவில்லை என்றால் சோகை வரும். இரும்புச் சத்து மாத்திரை தின்றால், கீரை, பருப்பு, முட்டை சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரத்தப் புற்றுநோய் அப்படி அல்ல. இங்கே பட்டறையே கெட்டுப் போகிறது. முதிராத வெள்ளை அணு ஒன்று கட்டுக்கு அடங்காமல் பெருகுகிறது. வயலில் களை மண்டினால் நெல்லுக்கு இடம் ஏது? அதுபோல நல்ல அணுக்களுக்கு மஜ்ஜையில் இடம் இல்லாமல் போகிறது. சிவப்பு அணு குறைவதால் பிள்ளை வெளுத்துப் போகும். சண்டை போடும் அணு குறைவதால் காய்ச்சல் விட்டு விட்டு வரும். தட்டணு குறைவதால் ஈறில் ரத்தம் கசியும். அடிபடாமலே தோலில் நீலத் திட்டு வரும். கழுத்தில் நெறி கட்டும். கால் எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை இரவில் அழும். இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால், டானிக் வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

இது தொற்று நோய் அல்ல. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. பெற்றவள் செய்த பாவத்தால் வருவதும் அல்ல. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நோயைவிட இந்தப் பேச்சுத்தான் பல தாய்மாரை அழவைத்திருக்கிறது.

இனி ஒரு கதை. உண்மைக் கதை. நம் மும்பையில் நடந்தது.

1928-ஆம் ஆண்டு. அப்போது மும்பை முழுக்கப் பஞ்சாலைகள். ஆலையில் வேலை செய்த பெண்கள் பலர் கர்ப்பமானதும் கடுமையான சோகை கண்டு இறந்து போனார்கள். இரும்புச் சத்துக் கொடுத்தும் குணமாகாத சோகை அது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். அவர் பெயர் லூசி வில்ஸ். பரேலில் உள்ள ஹாஃப்கின் நிலையத்தில் வேலையைத் தொடங்கினார்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? மருந்து அலமாரியைத் திறக்கவில்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். ஏழைப் பெண்களுக்குத்தான் இந்தச் சோகை அதிகம் வந்தது. அவர்கள் தட்டில் காய் இல்லை, பழம் இல்லை, பருப்பும் இறைச்சியும் மிகக் குறைவு. அதே மாதிரிச் சாப்பாட்டை எலிகளுக்கும், பிறகு குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் சோகை வந்தது. பிறகு 'மார்மைட்' என்ற ஒரு பொருளைக் கொடுத்தார். ஈஸ்டிலிருந்து செய்யும் கறுப்பு விழுது அது. ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலை குறைவு. குரங்கு தேறியது. பெண்களுக்குக் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். 1931-இல் இதை உலகத்துக்கு எழுதித் தெரிவித்தார். அதே ஆண்டு சென்னையிலும் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். இப்போது கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்கிறோமே, அதுதான்.

அந்த விழுதில் இருந்த சத்து எது? பத்து ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. 1941-இல் அமெரிக்காவில் நாலு டன் பாலக் கீரையை அரைத்து வடித்து, அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தார்கள். இலையில் கிடைத்ததால் இலை என்ற பொருளிலேயே பெயர் வைத்தார்கள். அதுதான் 'ஃபோலிக் ஆசிட்'. கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியில் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது இதுதான். புதிய அணு ஒன்று உண்டாக வேண்டுமானால் இந்தச் சத்து வேண்டும். சத்து இல்லாவிட்டால் பட்டறை நின்றுவிடும்.

இப்போது இன்னொருவர் வருகிறார். எல்லப்பிரகட சுப்பாராவ். 1895-இல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். அவருடைய சகோதரர்கள் இருவர், உணவுச் சத்து உடம்பில் சேராத ஒரு குடல் நோயால் இறந்தார்கள். அவருக்கும் அந்த நோய் வந்து பிழைத்தார். காந்தி சொன்னதைக் கேட்டுக் கதர் உடுத்திக் கல்லூரிக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. அதனால் முழுப் பட்டம் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். 1923-இல் கப்பலேறி அமெரிக்கா போனார். கையில் காசு இல்லை. ஆஸ்பத்திரியில் இரவு நேரத்தில் நோயாளிகளின் மலசட்டி கழுவும் வேலை செய்துகொண்டே படித்தார். பின்னால் ஒரு பெரிய மருந்துக் கம்பெனியில் ஆராய்ச்சித் தலைவரானார். 1945-இல் அவருடைய குழுவினர் ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு அதை மாத்திரையாக்குவது எளிதாகிவிட்டது.

பாஸ்டன் நகரில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சோகைக்கு நல்லது, இதற்கும் நல்லதாக இருக்கும் என்ற எண்ணம். ஆனால் நோய் இன்னும் வேகமாக வளர்வதுபோலத் தெரிந்தது. சத்து பயிருக்கும் போகும், களைக்கும் போகும் அல்லவா?

ஃபார்பர் அப்போது தலைகீழாக யோசித்தார். இந்தச் சத்துக் களைக்குப் போகாமல் தடுத்தால் என்ன? சுப்பாராவின் குழுவினரிடம் கேட்டார். அவர்கள் ஃபோலிக் ஆசிட் போலவே தோற்றம் உள்ள ஒரு போலிப் பொருளைச் செய்து கொடுத்தார்கள். பூட்டில் போலிச் சாவியைச் செருகினால் என்ன ஆகும்? திறக்காது. உண்மைச் சாவியையும் நுழைய விடாது. அணு பெருக முடியாமல் நின்றுவிடும். 1948 ஜூன் மாதம் ஃபார்பர் தம் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் 10 குழந்தைகள் தேறினார்கள். சில மாதங்கள்தான். நோய் திரும்பி வந்தது. ஆனாலும் அதுவரை ரத்தப் புற்று எந்த மருந்துக்கும் இப்படிப் பணிந்ததில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்து போனார். அவர் படத்தோடு 1995-இல் நம் அரசு தபால் தலை வெளியிட்டது. ஆனாலும் அவரைத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அந்தப் போலிச் சாவியின் தம்பிதான் 'மீத்தோட்ரெக்ஸேட்'. வாயில் நுழையாத பெயர். ஆனால் பரேலில் இருக்கும் தாய்மார் வாயில் சர்வ சாதாரணமாக நுழைகிறது! இன்றும் ரத்தப் புற்றுக்கு அது முக்கியமான மருந்து. ஒரு மருந்து போதாது என்று பிறகு தெரிந்தது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 'வின்கிறிஸ்டின்' என்று ஓர் ஊசி உண்டு. அது நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுத்தது. நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்பார்களே, அதுதான். இதைச் சொன்னால் உடனே செடியைப் பிடுங்கிக் கஷாயம் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அது விஷச்செடி. பெருமளவு இலையிலிருந்து துளி மருந்துதான் கிடைக்கும். அதையும் அளந்து ஊசியாகப் போட வேண்டும்.

டாட்டா ஆஸ்பத்திரி 1941-இல் பரேலில் திறந்தது. சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். 1980-களில் அங்கே குழந்தைகளுக்குப் பல மருந்துகள் சேர்ந்த புதிய சிகிச்சைமுறை தொடங்கியது. சென்னை அடையாறு, டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளும் அதைப் பின்பற்றின. அதற்கு முன் பிழைத்த குழந்தைகள் சிலரே. அதற்குப் பிறகு பாதிக்கு மேல் பிழைத்தார்கள். இன்று நிலைமை இன்னும் நன்றாக இருக்கிறது.

சரி, இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் ஏன் சில பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள்? நோய் முற்றி வருவது ஒரு காரணம். சிகிச்சையை நடுவில் விட்டுவிடுவது ஒரு காரணம். பிள்ளை மெலிந்து போவது இன்னொரு காரணம். நான் பேச வந்தது இந்த மெலிவைப் பற்றித்தான்.

இந்த மருந்துகளுக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக வளரும் அணு எதுவோ அதை அடிக்கும். களையை அடிக்கும்போது பயிருக்கும் அடி விழும். முடி வேகமாக வளர்வது. அது கொட்டும். பிறகு முளைத்துவிடும். வாயின் உள்தோலும் குடலின் உள்தோலும் தினம் புதிதாக வளர்வன. அங்கேயும் அடி விழும். வாய் வெந்து புண்ணாகும். வாந்தி வரும், பேதி ஆகும், நாக்குக்கு ருசி தெரியாது. பிள்ளைக்குச் சாப்பாடு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் சாப்பிட முடியாமல் போகிறது. சாப்பிடாத பிள்ளைக்கு மருந்தின் உபத்திரவம் கூடும். கிருமி எளிதில் தாக்கும். டாக்டர் அடுத்த ஊசியைத் தள்ளிப் போடுவார். தள்ளிப் போனால் களை மறுபடி தலை தூக்கும்.

இந்த நிலையில் நாம் செய்வது என்ன? பத்தியம் போடுகிறோம்!

எங்கள் சாலில் ஒரு பையன். ஆறு வயது. டாட்டாவில் சிகிச்சை. அவன் ஆச்சி பேரன்மேல் உயிரையே வைத்திருந்தார். "இங்கிலீஷ் மருந்து சூடு. முட்டை சூடு. மீன் கரப்பான். தயிர் சளி. பருப்பு வாயு." எல்லாவற்றையும் நிறுத்தி அரிசிக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் மட்டும் கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் செல்போனில் ஏதோ பார்த்துவிட்டு, இனிப்புக் கொடுத்தால் புற்று வளரும் என்றார். பழமும் நின்றது. அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். 16 கிலோ இருந்தவன் 14 கிலோ. உணவு ஆலோசகர் அம்மா ஆச்சியைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்: "ஆச்சி, கொத்தனார் வேலை செய்கிறவனுக்கு நீங்கள் கஞ்சி மட்டும் கொடுத்து அனுப்புவீர்களா? இந்தப் பிள்ளை உடம்பு இப்போது வீடு கட்டுகிறது." நான்தான் தமிழில் மாற்றிச் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை முட்டை கொடுக்கலாம்?" என்று கேட்டார்.

சர்க்கரை பற்றியும் அந்த அம்மா சொன்னார். நாம் எதைச் சாப்பிட்டாலும் உடம்பு அதிலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். பட்டினி போட்டால் புற்று சாகாது. பிள்ளைதான் வாடும். ஆனால் சில மருந்து கொடுக்கும் நாட்களில் ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அப்போது டாக்டரே இனிப்பைக் குறைக்கச் சொல்வார். ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் வாரங்களில் பிள்ளைக்குப் பேய்ப் பசி எடுக்கும். முகம் உப்பும். அப்போது உப்பு, சிப்ஸ், வடா பாவ் வேண்டாம். அந்தப் பசிக்குப் பருப்புச் சாதம், முட்டை, சுண்டல் கொடுங்கள். நித்தியகல்யாணி ஊசி போட்ட வாரத்தில் மலச்சிக்கல் வரும். தண்ணீர் நிறையக் கொடுங்கள். வேகவைத்த காயைச் சேருங்கள்.

வாந்தி வருகிற பிள்ளையிடம் தட்டு நிறையச் சோற்றை வைத்து மிரட்டாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்கு ஆறு தடவை கொடுக்கலாம். காலையில் ஒரு இட்லி. பத்து மணிக்குக் கடலை உருண்டை. பூஞ்சை பிடிக்காத நல்ல கடலையாகப் பார்த்து வறுங்கள். வாய்ப்புண் இருந்தால் காரமும் புளியும் ஆகாது. குழைந்த பொங்கல், ராகிக் கூழ், காய்ச்சி ஆறவைத்த பால், நன்றாக வெந்த முட்டையை மசித்த சோறு. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. கறிக்கு வழியில்லையே என்று வருந்த வேண்டாம். முட்டையும் பருப்பும் கடலையும் போதும். வீட்டில் அரைத்த சத்துமாவு, டப்பாவில் விற்கும் பவுடருக்குக் குறைந்தது அல்ல. டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடர் வேறு. விளம்பரம் பார்த்து வாங்குவது வேறு.

வெள்ளை அணு குறைந்திருக்கும்போது சுத்தம்தான் பெரிய காவல். அப்போது சமைத்த சூடான சாப்பாடு மட்டும் கொடுங்கள். காலையில் வைத்ததை இரவில் கொடுக்காதீர்கள். பழைய சோறு வேண்டாம். தெருவோரப் பானி பூரி, வெட்டி வைத்த பழம், ஐஸ் கோலா வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். நம் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். பழம் கொடுப்பதென்றால் வாழைப்பழம், சாத்துக்குடி போலத் தோல் உரிப்பதாகப் பார்த்துக் கழுவி உரித்துக் கொடுங்கள். சளி பிடித்த உறவுக்காரர் பார்க்க வந்தால் வாசலிலேயே பேசி அனுப்புங்கள். கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

போன தடவை இதைப் பேசியபோது ஓர் அக்கா நல்ல கேள்வி கேட்டார். "கீரையில் ஃபோலிக் ஆசிட் இருக்கிறது என்கிறாய். மருந்து அதைத் தடுக்கிறது என்கிறாய். அப்படியானால் கீரை கொடுக்கலாமா, கூடாதா?"

கொடுக்கலாம். நன்றாகக் கழுவி வேகவைத்து, வழக்கமாகச் சமைக்கும் அளவில் கொடுக்கலாம். அதனால் மருந்து தோற்றுப் போகாது. ஆனால் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் ரத்தம் ஊறும் டானிக்கும் வேறு. அதில் சத்து மொத்தமாக இருக்கிறது. டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. சில சமயம் மருந்தின் வேகத்தை அடக்க, டாக்டரே அந்த வகை மருந்தைக் குறித்த மணியில் கொடுப்பார். அது அவர் கணக்கு. டானிக் பாட்டிலில் எழுத்துச் சின்னதாக இருக்கும். இங்கிலீஷில் இருக்கும். அதனால் பாட்டிலையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். நாட்டு மருந்து, லேகியம் கொடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் கோபிப்பார் என்று பயந்து மறைக்கிறோம். மறைத்தால் ஆபத்துப் பிள்ளைக்குத்தான்.

இந்தச் சிகிச்சை இரண்டு, இரண்டரை ஆண்டு நடக்கும். முதல் மாதத்திலேயே பிள்ளை தேறி ஓடியாடும். அப்போதுதான் பலர் ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். தெரிகிற களை போயிருக்கும். வேர் மண்ணுக்குள் இருக்கும். தினம் இரவு போடும் மாத்திரை அந்த வேருக்காகத்தான். காலண்டரில் தேதிக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அது போடத் தெரியாதவர் இனி நம் வகுப்பில் யாரும் இல்லை.

பணம் இல்லாமல் நிறுத்துகிறேன் என்று சொல்வதற்கு முன் ஆஸ்பத்திரியில் சமூக சேவகரைப் பாருங்கள். அரசுக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ரேஷன் கார்டும் ஆதாரும் கேட்பார்கள். வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்களுக்கு இலவசமாக இடம் கொடுக்கும் செயின்ட் ஜூட் இல்லங்கள் 2006 முதல் இங்கே இருக்கின்றன. புற்று நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

இளைஞர்கள் சிலர் பின்னால் நிற்கிறீர்கள். உங்களுக்கும் ஒன்று. இந்தப் பிள்ளைகளுக்கு அடிக்கடி பிளேட்லெட் ஏற்ற வேண்டிவரும். எடுத்த பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் எப்போதும் புதிதாக யாராவது ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 18 வயது ஆகி, 45 கிலோ எடைக்கு மேல் இருந்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பெண்கள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை. எடுப்பது 350 மில்லி. ஆண்மை குறையும் என்று யாரோ சொன்னதை நம்பாதீர்கள்.

கடைசியாகக் காய்ச்சல். சிகிச்சையில் இருக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நீங்களாகக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அடக்கவும் கூடாது. சண்டை போடும் அணு இல்லாத உடம்பில் கிருமி சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். நடுராத்திரி ஆனாலும், மழை கொட்டினாலும், கணபதி ஊர்வலம் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையை வைத்துப் பார்ப்பது போதாது. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். அதில் எந்த எண் வந்தால் கிளம்ப வேண்டும் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். நடுவில் புள்ளி இருக்கிறது, பாருங்கள். எல்லோரும் நோட்டை எடுத்து எழுதிக்கொள்ளுங்கள்: 100.4.